பதினோரு அடி தூரம்

வெர்னா ஷ்ராமுக்கு ஏற்ற வேண்டிய மருந்து அவளிடமிருந்து சரியாகப் பதினோரு அடி தூரத்தில் இருந்தது. குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு இல்லை இது. அவள் புருஷன் ஆர்லோ, பாக்கெட்டிலிருந்து டேப்பை உருவி, ஒரு முனையை மருந்தேற்றும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்னாவிடமே கொடுத்து, மறுமுனையைக் குளிர்பெட்டியின் கதவு வரை இழுத்துப்போய் அளந்தது. ஆர்லோ அளந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. முப்பத்து நாலு வருஷமாக ஊர்க் கூட்டுறவு தானியக் கிடங்கில் சோள லாரிகளுக்கு எடை போடுகிறவன். அவன் எழுதிய எடையைச் சந்தேகப்பட்ட விவசாயி அந்த மாவட்டத்தில் கிடையாது, சொந்த மச்சான் உட்பட.

குளிர்பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. மூன்றாவது தட்டில் ஆறு குப்பிகள், மருந்தின் பேர் ஒட்டி, தேதி போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"அதோ நிக்குது பாரு, கண்ணு முன்னால," என்றாள் வெர்னா. "போன ரெண்டு தடவையும் எனக்கு அதைத்தானே ஏத்தினே, கென்ட்ரா?"

"அதேதான்," என்றாள் நர்ஸ் கென்ட்ரா பிளாஹா.

"அப்ப ஏத்து. எனக்கு வீட்ல வேலை கிடக்கு."

"அது அந்த மருந்துதான் வெர்னா. ஆனா உங்க மருந்து இல்லை."

கென்ட்ரா இதைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் இதைச் சொல்வது பதினாலாவது முறை.

விஷயம் இதுதான். ஷ்ராம் தம்பதிக்குக் காப்பீடு தருகிற டெண்டர்பிரிட்ஜ் நிறுவனம் புது வருஷத்திலிருந்து ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. திட்டத்தின் பெயர் 'கைக்கெட்டும் அணுகல்'. அதன்படி, கிளினிக் தன் குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து ஏற்றக் கூடாது. டெண்டர்பிரிட்ஜுக்குச் சொந்தமான மருந்தகத்திலிருந்து, ஆயிரத்து நூறு மைல் தாண்டி, நோயாளியின் பேர் ஒட்டிய அட்டைப்பெட்டியில், கூரியரில் வர வேண்டும். மீறி ஏற்றினால் கிளினிக்குக்குச் சல்லிக்காசு கிடைக்காது. ஒரு தவணை மருந்தின் விலைக்கு நன்றாக ஓடுகிற பிக்கப் வண்டியே வாங்கலாம் என்பதால், டாக்டர் தன் கைக்காசைப் போடவும் வழியில்லை.

"பேர் ஒட்டணும், அவ்வளவுதானே?" என்றான் ஆர்லோ. "என்கிட்ட பேனா இருக்கு."

கென்ட்ரா சிரிக்கவில்லை. போன வாரம் அவளும் அதையே யோசித்திருந்தாள்.

அன்றைக்குக் கூரியர் வரவில்லை. பெட்டி வேறு மாநிலத்தில் இதே பேருள்ள ஒரு ஊருக்குப் போய், அங்கே ஒரு கால்நடை மருத்துவமனை கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தது. வெர்னாவின் கல்லீரலில் இருந்த கட்டி முதல் இரண்டு தவணையில் நன்றாகச் சுருங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஏற்றினால் இன்னும் சுருங்கும் என்று டாக்டர் ஓசேய் சொல்லியிருந்தார். தவறினால் என்ன ஆகும் என்று ஆர்லோ கேட்டதற்கு, "தவறாம பாத்துக்குவோம்," என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் பெட்டி வந்துவிட்டது. ஆர்லோவுக்குத் தலைகால் புரியவில்லை. கூரியர்க்காரனுக்குக் கைகொடுத்தான். வெர்னா நாற்காலியில் ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையை நீட்டிவிட்டாள்.

"முதல்ல எடை பாத்துடலாம்," என்றாள் கென்ட்ரா.

எடை மிஷின் புதிது. டெண்டர்பிரிட்ஜ் அன்பளிப்பாகக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் உடனேயோ, அழுத்தாவிட்டால் சில நிமிஷம் கழித்துத் தானாகவோ, பார்த்த எடையை நேராகக் கம்பெனிக்கு அனுப்பிவிடும். வெர்னா ஏறி நின்றாள். நூற்று நாற்பத்தேழு பவுண்டு. கென்ட்ரா பொத்தானை அழுத்தியதும் மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்லிய இசையும் வந்தது.

"பெட்டியில இருக்கிறது நூத்தி அம்பத்திரண்டு பவுண்டு வெர்னாவுக்கான மருந்து," என்றாள் கென்ட்ரா. "ஆர்டர் போட்டப்போ உங்க எடை அது. நடுவுல நீங்க அஞ்சு பவுண்டு இளைச்சிட்டீங்க."

"கேன்சர் வந்தா இளைக்கத்தானேம்மா செய்வாங்க?"

"மூணு பவுண்டு வரைக்கும் இளைக்கலாம். அதுக்கு மேல அனுமதி இல்லை."

"மூணு பவுண்டா?" ஆர்லோவுக்குத் தொழில் ரீதியாகவே கோபம் வந்தது. "லாரி எடை போடற என் வேபிரிட்ஜ் இருபது இருபது பவுண்டாத்தான் எண்ணும். மேடைல ஒரு நாய் ஏறிப் படுத்துக்கிட்டாலும் அதுக்குத் தெரியாது. அதுக்கே அரசாங்கம் வருஷா வருஷம் வந்து சோதிச்சு முத்திரை ஒட்டிட்டுப் போகுது. மூணு பவுண்டுக்கு எவனாவது லாரிய திருப்பி அனுப்புவானா?"

டாக்டர் இம்மானுவேல் ஓசேய் அறையிலிருந்து வந்தார். கானாவிலிருந்து வந்து இருபது வருஷமாக அந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறவர். பனிக்காலத்தில் ஊர்க்காரர்களைவிட முன்னால் பாதையில் பனி தள்ளி முடித்துவிடுவார். இந்த வித்தியாசத்தால் மருத்துவரீதியாக ஒரு மண்ணும் ஆகாது என்று அவர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் அவருக்குச் சமமான நிபுணர் என்று ஒருவரைக் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் கால் ஆணி பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, "நோயாளியின் பாதம் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

ஏற்ற முடியாத பெட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது; இன்னொருவருக்கும் கொடுக்கக் கூடாது. கென்ட்ரா அதை மருந்துக் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட்டாள். டப் என்று ஒரு சத்தம். ஒரு பிக்கப் வண்டி போயிற்று.

மறுநாள் ஆர்லோவுக்குப் போன் வந்தது. முதலில், இந்த அழைப்பு சேவையின் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு பெண்குரல். பிறகு ஒரு இளைஞன்.

"வணக்கம் மிஸ்டர் ஷ்ராம். என் பேர் பிரைஸ். நான் உங்க மனைவியோட பயணத் தோழன்."

"எங்கே பயணம்? அவ எங்கேயும் போகலையே."

"நோய்ங்கிற பயணம் சார். நீங்க சொல்றது எனக்குக் காதுல விழுது."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே தம்பி."

"அதுவும் காதுல விழுது சார்."

பிரைஸ் தங்கமான பையன். எதிரில் இருக்கிற தாளில் உள்ளதைத் தவிர வேறெதுவும் பேசமாட்டான். மறுபடி பெட்டி அனுப்ப ஒன்பது வேலைநாள் ஆகும் என்றான். அதற்கு 'எடை உறுதிமொழிப் படிவம்' என்று ஒன்று அனுப்புவான். அதில், மருந்தேற்றும் நாளன்று நோயாளி இத்தனை பவுண்டு இருப்பார் என்று எழுதி, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"இருங்க, இருங்க. இன்னும் வராத நாள்ல அவ எடை என்னன்னு இன்னிக்கே எழுதணுமா?"

"ஆமா சார். அதுக்குத் தக்கபடி நாங்க மருந்து அனுப்புவோம். அதுக்குத் தக்கபடி நீங்க நோயாளிய அனுப்பணும்."

ஆர்லோ அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேறு யாராவது என்றால் வாய்க்கு வந்த நம்பரை எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கியிருப்பார்கள். இவன் எடைக்காரன். லாரி மேடையில் ஏறி, நின்று, டிரைவர் எஞ்சினை அணைத்த பிறகுதான் இவன் பேனாவே திறப்பான். வராத லாரிக்கு எடை எழுதினால் மாநிலச் சட்டப்படி உரிமம் போய்விடும். எழுதவேண்டிய நிலை வந்துவிட்டதால், எழுதியதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். அவன் செய்த தப்பு அதுதான். நூற்றைம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"இன்னும் மூணு பவுண்டு ஏத்தணும்," என்றான் வெர்னாவிடம்.

"யோவ், நான் என்ன சந்தைக்குப் போற பன்னியா?"

"பன்னின்னா ஈஸி. பன்னிக்குப் படிவம் கிடையாது."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

செய்தியை ஆர்லோ பக்கத்து வீட்டு ஆர்டிஸ் ஃபென்ஸ்கேயிடம் மட்டும்தான் சொன்னான். ஆர்டிஸ் லூத்தரன் தேவாலயத்து மகளிர் சங்கத் தலைவி. அந்த ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பெண்கள் வீட்டு வாசலில் கேசரோல் என்கிற, அடுப்பில் சுட்ட சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பார்கள், அது வழக்கம். சோகத்துக்குத் தகுந்தபடி மேலே சீஸ் கூடும். இந்த முறை சோகத்தோடு ஒரு எண்ணும் சேர்ந்துகொண்டது. ஆர்டிஸ் சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டினாள். திங்கள்: கோழியும் நூடுல்ஸும். செவ்வாய்: உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும். புதன்: காரமான பீன்ஸ் கொத்துக்கறி, அதைத் தொட்டுக்கொள்ளப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள். இந்த ஜோடியை அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்தே சாப்பிட்டுப் பழகியதால் யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

"பசிக்கலைன்னாலும் ரெண்டு வாய் சாப்பிடுடி," என்பாள் ஆர்டிஸ். "இது உனக்காக இல்லை. கம்பெனிக்காக."

நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு வெர்னாவை எடை பார்த்துத் தேவாலய அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். நூற்று நாற்பத்தெட்டு வந்தபோது மகளிர் சங்கத்தில் கை தட்டினார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எண்ணைக் குறிப்பிட்டே வேண்டிக்கொண்டார். ஆண்டவர் கேட்டுவிட்டார். வேண்டியதைவிடக் கூடுதலாகவே கேட்டுவிட்டார்.

குறித்த நாள் காலை கிளினிக் மிஷினில் வெர்னா நூற்று ஐம்பத்து நாலரை.

"நூத்தி அம்பத்து மூணு வரைக்கும்தான் ஒத்துக்கும்," என்றாள் கென்ட்ரா. அவளுக்கு அழுகை முட்டியது. "இறங்குங்க, இறங்குங்க. இன்னும் அனுப்புற பொத்தானை அழுத்தல."

ஷூவைக் கழற்றினாள். ஸ்வெட்டர் போயிற்று. கண்ணாடி, கைக்கடிகாரம், முப்பத்தொன்பது வருஷமாகக் கழற்றாத கல்யாண மோதிரம். அதைக் கழற்ற சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது. மேல்வரிசைப் பல் செட்டை எடுத்து ஆர்லோ கையில் கொடுத்தாள். தலைமுடி ஏற்கெனவே போய்விட்டிருந்தது, இல்லாவிட்டால் அதையும் வெட்டியிருப்பார்கள். மருந்தேற்றிக்கொண்டிருந்த மற்ற நோயாளிகள் நாற்காலியிலிருந்தபடியே யோசனை சொன்னார்கள். "மூச்சை வெளியே விடுங்க!" என்றார் நுரையீரல் கேன்சர்க்காரர் ஒருவர்.

நூற்று ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு.

அறையே ஆர்லோவைப் பார்த்தது. முப்பத்து நாலு வருஷத்து எடைக்காரன், ஒரு கையில் மனைவியின் பல், ஒரு கையில் மோதிரம். அவன் மெதுவாகத் திரும்பி, சுவரிலிருந்த காலண்டரில் இருந்த குதிரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நான் பாக்கலை கென்ட்ரா," என்றான் குதிரையிடம். "நீ என்ன வேணா எழுதிக்கோ. நான் பாக்கவே இல்லை."

வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய் எடை அது. பாவம், அதற்கும் பலன் இல்லாமல் போயிற்று. மிஷின் பொத்தானுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு, மெல்லிய இசை. மஞ்சள் தொட்டி, டப்.

வெர்னா நாற்காலியோரம் உட்கார்ந்து பல்லை வாங்கி மாட்டிக்கொண்டாள். "எனக்குச் சாகறதுக்குப் பயமில்லை ஆர்லோ," என்றாள். "ரெண்டே கால் அவுன்ஸ், மூணு அவுன்ஸ்னு காரணம் சொல்லி சாகடிச்சா, கல்லறையில என்னத்த எழுதுவாங்க? அதுதான் கேவலமா இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஆர்லோ டாக்டர் ஓசேய்க்குப் போன் போட்டு, இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டான்.

டாக்டர் ஓசேயும் மாநிலத்திலுள்ள மற்ற கேன்சர் டாக்டர்களும் சேர்ந்து அந்த வருஷம் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார்கள். ஒரே பக்கம். மருந்து கிளினிக்கிலேயே இருந்தால் அதையே ஏற்றலாம். காப்பீட்டுக் கம்பெனி அதற்கு நியாயமான தொகையைக் கிளினிக்குக்குத் தர வேண்டும். தலைநகரில் குழு விசாரணை. யார் வேண்டுமானாலும் போய்ச் சாட்சி சொல்லலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆர்லோ சவ அடக்கங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

மேஜையில் மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் அழுதுகொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஆதரிக்கிறவர்கள், எதிர்க்கிறவர்கள், நடுநிலையாளர்கள் என்று மூன்று வரிசை. எதிர்ப்பு வரிசையில் ஈ காக்கை இல்லை. எதிர்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் நல்ல கோட்டு சூட்டில் நடுநிலை வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆர்லோவின் முறை முதலில் வந்தது.

"பதிவேட்டுக்காகப் பேரை எழுத்தெழுத்தாச் சொல்லுங்க," என்றார் குழுத் தலைவர் செனட்டர் க்வாண்ட். ஷ்ராம் என்பதில் எங்கே எத்தனை எழுத்து என்று தெளிவதற்குள் ஒரு நிமிஷம் போய்விட்டது.

"நான் லாரி எடை போடறவன் சார்," என்றான் ஆர்லோ. அவன் குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "எங்க தொழில்ல லாரி வரும், எடை போடுவோம், என்ன எடையோ அதை எழுதுவோம். எடைய முதல்ல எழுதி வெச்சிட்டு, லாரிய அதுக்குச் சரியா வரச் சொல்ல மாட்டோம். என் பொண்டாட்டி ஒரு தடவை இளைச்சுப் போனா. தூக்கிப் போட்டாங்க. ஊரே சேர்ந்து ஊட்டினோம், குண்டாயிட்டா. மறுபடி தூக்கிப் போட்டாங்க. மருந்து பதினோரு அடியில இருக்கு சார். நானே அளந்தேன். அவ கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, மருந்து கண்ணாடிக்குள்ளே..."

சிவப்பு.

"உருக்கமான சாட்சியம். நன்றி," என்றார் செனட்டர் க்வாண்ட். "குழு உறுப்பினர்களுக்குக் கேள்வி ஏதாவது? இல்லை. உருகியாச்சு. அடுத்தவங்க?"

நடுநிலை வரிசையிலிருந்து டெண்டர்பிரிட்ஜின் அணுகல் துறைத் துணைத் தலைவர் லெனோர் விட்டிங் எழுந்து வந்தார். வெள்ளி முடி, தாழ்ந்த இனிய குரல்.

"தலைவர் அவர்களே, இந்த மசோதாவுக்கு நாங்க எதிரி இல்லை. நோயாளிக்கு மருந்து கிடைக்கணுமா வேண்டாமாங்கிறதுல எங்க கம்பெனிக்கு எந்தக் கருத்தும் கிடையாது. எங்க கவலையெல்லாம் பாதுகாப்பு. பதினோரு அடின்னு அவர் சொன்னப்போ எனக்கு உடம்பே நடுங்கிப்போச்சு. பதினோரு அடியில யாரு சரிபாக்கறது? ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். படிச்சவங்க, அவ்வளவுதான். எங்க ஆயிரத்து நூறு மைல்ல நாப்பத்தோரு பேர் சரிபாக்கறாங்க. அவங்கள்ல நிறைய பேருக்கு அது மருந்துன்னே தெரியாது. அதனால பாரபட்சத்துக்கே இடமில்லை. போன வருஷம் எங்க பெட்டியில ஒண்ணுகூட தப்பான எடையில இருக்கிற நோயாளிக்கு ஏறலை. மூணுல ஒரு பெட்டி யாருக்குமே ஏறலை. இதைவிடப் பாதுகாப்பு உலகத்துல எங்கேயாவது உண்டா?"

செனட்டர்கள் தலையாட்டினார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் எப்போதும் தலையாட்டுவார்கள்.

"கிளினிக்குக்கு நியாயமான தொகை தரணும்னு கேக்கறாங்களே?" என்றார் ஒரு பெண் உறுப்பினர்.

"மருந்தை வாங்கி வெக்கறது, கலக்கறது, ஏத்தறது, பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கறது, இதுக்கெல்லாம் பணமான்னு எனக்கு மனசு வலிக்குது மேடம். கருணைக்கு விலை வெக்கலாமா?"

"உங்களுக்கு சம்பளம் உண்டா?"

"உண்டு. நான் கருணைத் துறையில இல்லை, அணுகல் துறையில இருக்கேன்."

"அந்த மிஷின் தப்பா காட்டினா நோயாளி என்ன பண்றது?" என்று அவர் விடவில்லை.

"நாங்க அவ்வளவு பிடிவாதக்காரங்க இல்லை. மாநில அரசு சோதிச்சு முத்திரை போட்ட எந்த எடை மேடையோட சீட்டையும் ஏத்துக்கிறோம். விதி ஒன்பதுல இருக்கு. அந்தச் சீட்டு இருந்தா எங்க மிஷினையே கணக்குல எடுக்க மாட்டோம். எங்களுக்குத் தராசுக்குத் தராசு வித்தியாசம் கிடையாது."

பின்வரிசையில் ஆர்லோ மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். டேப்பை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

மசோதாவைக் குழு காலவரையின்றி ஒத்திவைத்தது. அதே கையோடு, அக்டோபர் முதல் வாரத்தை 'அணுகல் விழிப்புணர்வு வார'மாக அனுசரிக்கும் தீர்மானத்தை ஒரு குரல் மாறாமல் நிறைவேற்றியது. டாக்டர் ஓசேய் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், ஒரு சந்தேகம்," என்றான் ஆர்லோ. "நூத்தி அறுபது பவுண்டுக்கான மருந்தை வெர்னாவுக்கு ஏத்தினா அவளுக்கு ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது. அவ்வளவு வித்தியாசத்தை உடம்பு கண்டுக்காது. கம்பெனிதான் கண்டுக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றான் ஆர்லோ. வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தான். இந்தத் தடவை உறுதிமொழிப் படிவத்தில் நூற்று அறுபது என்று ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பெட்டி வந்த அன்று காலை, ஆர்டிஸ் வெர்னாவைக் காரில் கிடங்குக்குக் கூட்டிவந்தாள். எழுபதடி நீள வேபிரிட்ஜ். பின்னால் மூன்று சோள லாரிகள் முனகிக்கொண்டு நின்றன. வெர்னா கோட்டும் தொப்பியுமாக மேடை நடுவில் போய்த் தனியாக நின்றாள். காற்று வேறு.

"ஷூவைக் கழட்டவா?" என்று கத்தினாள்.

"வேண்டாம்!"

"பல்லு?"

"எல்லாம் மாட்டிக்கிட்டே நில்லு! கைப்பையையும் வெச்சுக்கோ! உன் இஷ்டம்!"

நூற்று ஐம்பதிலிருந்து நூற்று எழுபதுக்குள் யார் ஏறினாலும் அந்த மேடைக்கு நூற்று அறுபதுதான். ஆர்லோ லாரிக்குக் காத்திருப்பதுபோல் எண் நிலைக்கக் காத்திருந்தான். 160. ஆடவில்லை, அசையவில்லை. அவன் பார்த்ததிலேயே அழகான எடை. சீட்டு அச்சடிக்கும் மிஷின் என்ன பொருள் என்று கேட்டது: சோளம், சோயா, கோதுமை, இதர. இதர என்று அழுத்தினான்.

"ஈரப்பதம் கேக்குது!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"என்னால அழக்கூட முடியல, வறட்சின்னு போடு!" என்றாள் வெர்னா. லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சீட்டைக் கம்பெனிக்கு அனுப்பிய ஒரு மணி நேரத்தில் பிரைஸ் கூப்பிட்டான். பதிவு செய்யப்படுகிறது என்ற பெண்குரல் முதலில்.

"மிஸ்டர் ஷ்ராம், சீட்டுல பொருள் 'இதர'ன்னு இருக்கு."

"ஆமா."

"கழிவு, தூசி, உடைஞ்ச மணி: பூஜ்யம்னு இருக்கு."

"ஆமா. நல்ல சரக்கு."

தாள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "முத்திரை இருக்கு சார்," என்றான் கடைசியில். "எடை உறுதிமொழியோட ஒத்துப்போகுது. வாழ்த்துகள்."

மத்தியானம் மருந்து ஏறியது. ஆறு வாரம் தாமதம். கென்ட்ரா சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வேறு வேலையே இல்லாத மாதிரி. டாக்டர் ஓசேய் புது ஸ்கேன் படத்தோடு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாலு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு," என்றார். "மருந்தை விடாம ஏத்தினா திரும்பப் பிடிச்சிடலாம்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்தான், வெர்னா. சத்தியம் பண்ண மாட்டேன்."

"அது எந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டு வளர்ந்துச்சாம்?" என்றாள் வெர்னா. பிறகு ஆர்லோவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆர்லோ மருந்து முழுதும் ஏறும்வரை அந்தக் கையை அசைக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் வியாழக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை வேபிரிட்ஜ் நோயாளிகளுக்கு என்றாகிவிட்டது. நுரையீரல்காரர், மார்பகக்காரர்கள், எலும்புக்காரர் ஒருவர், எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பின்னால் லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்; ஒருவரும் முணுமுணுத்ததில்லை. ஆர்டிஸ் காபி கொண்டுவருவாள். டெண்டர்பிரிட்ஜின் காலாண்டு அறிக்கையில், இந்த மாவட்டத்து நோயாளிகள் எடைக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டி, வெர்னாவுக்குத் தங்க முலாம் பூசிய ஒரு பேட்ஜும் அனுப்பினார்கள். அவள் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கச் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் அதே ஆறு குப்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கிடங்கு போன் அடித்தது. ஆர்லோ எடுத்தான். பதிவு செய்யப்படுகிறது என்ற பெண்குரல் இல்லை. யாரோ மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்.

"மிஸ்டர் ஷ்ராம்? நான்... பிரைஸ். சொந்தப் போன்லேர்ந்து பேசறேன். கார்ல உக்காந்துக்கிட்டு."

"சொல்லுங்க."

"உங்க எடை மேடை... எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் சார்?"

அவன் குரலில் தாள் இல்லை. ஆர்லோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

"யாருக்குப்பா?"

"எங்க அம்மாவுக்கு. இதே கம்பெனிதான் சார், இதே திட்டம். நூத்தி முப்பத்து மூணு பவுண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளைச்சிட்டே போறாங்க. ரெண்டு பெட்டிய தூக்கிப் போட்டாச்சு. அங்கேர்ந்து உங்க ஊருக்கு நாலு மணி நேரம்."

ஆர்லோவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. உங்க பேச்சு எனக்குக் காதுல விழுது என்று ஆரம்பிக்கலாம். ஒன்பது வேலைநாள் ஆகும் என்று சொல்லலாம். அவன் அதில் எதையும் சொல்லவில்லை.

"உங்க அம்மா உக்கார நாற்காலிலேர்ந்து மருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி.

"ஏழடி," என்றான் பிரைஸ். "நேத்து நானே அளந்தேன்."

"இப்ப எவ்வளவு இருக்காங்க?"

"நூத்தி இருபத்தொம்பது."

"படிவத்துல நூத்தி நாப்பதுன்னு எழுதி அனுப்புங்க, பெட்டி வந்ததும் அடுத்த வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க," என்றான் ஆர்லோ. "நல்ல கனமான ஷூவா பாத்து மாட்டிவிடுங்க. மேடைல காத்து அடிக்கும்."